புறம்போக்கிலிருந்து பாரம்பரியத் தலம் வரை: மதுரைச் சமவெளியில் மலையும் கண்மாயும் காக்கும் ஊர்க்குழுக்கள்

ஆய்வுச் சுருக்கம்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் அடர்காடு அரிது. பாறைக்குன்றுகளும் சுனைகளும் ஓடைகளும் கண்மாய்களும் மேய்ச்சல் வெளிகளுமே இங்கு இயற்கை நிலங்களாக எஞ்சியுள்ளன. வருவாய்ப் பதிவேடுகள் இவற்றுட் பெரும்பகுதியைப் 'புறம்போக்கு' என்றும் 'தரிசு' என்றும் குறிக்கின்றன. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டுக்குள் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்திற்கு உள்ளானது. 2025 சனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. ஊர்க்குழுக்களின் தன்னார்வப் பணி நிலத்தை எவ்வாறு காத்தது என்பதையும், சட்டம் வகுத்த எல்லைக்கும் நீர் வகுத்த எல்லைக்கும் உள்ள இடைவெளியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறம்போக்கு, கண்மாய், அரிட்டாபட்டி, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, கப்பலூர்.

முன்னுரை

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் செல்லும் வழியில் கப்பலூர் அமைந்துள்ளது. நான்குவழிச்சாலையும் சுங்கச்சாவடியும் தொழிற்பேட்டையும் அவ்வூரின் இன்றைய அடையாளங்கள். அங்கிருந்து வடக்கு நோக்கினால் திருப்பரங்குன்றமும், அதற்கப்பால் பசுமலை, நாகமலை, யானைமலை, அழகர்மலை எனக் குன்றுகளும் மலைத்தொடர்களும் சமவெளியில் எழுந்து நிற்கின்றன. இவற்றின் வடகிழக்கே அரிட்டாபட்டி உள்ளது. கப்பலூர் முதல் அரிட்டாபட்டி வரையிலான இந்நிலப்பரப்பில் மலை, ஓடை, கண்மாய், வயல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன.

இயற்கைப் பாதுகாப்பு என்றவுடன் முதுமலை, களக்காடு முதலிய காடுகளே நினைவிற்கு வருவது வழக்கம். அவை வனத்துறையின் காவலில் உள்ளவை. சமவெளியின் குன்றுகளுக்கும் கண்மாய்களுக்கும் அத்தகைய காவல் பெரும்பாலும் இல்லை. அவற்றைக் காப்போர் அண்மையில் வாழும் ஊராரும், அவர்களோடு இணையும் தன்னார்வலர்களுமே. அவர்களது பணி போராட்ட நாள்களில் மட்டும் செய்தியாகிறது. எனினும், போராட்டத்திற்கு முன்னர்ப் பல ஆண்டுகளாக நிகழ்ந்த பார்வையிடல், கணக்கெடுத்தல், பதிவுசெய்தல் ஆகியவையே அப்போராட்டத்திற்குச் சான்று வழங்கின என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

புறம்போக்கு என்னும் சொல்

'புறம்போக்கு' என்பது தீர்வைக்கு உட்பட்ட விளைநிலத்திற்குப் புறத்தே நிறுத்தப்பட்ட நிலத்தைக் குறித்த வருவாய்த்துறைச் சொல்லாகும். கண்மாய், ஓடை, மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை, சுடுகாடு, பாறை என ஊருக்குப் பொதுவானவை யாவும் இதனுள் அடங்கின. வரி இல்லை என்பதன் பொருள் பயன் இல்லை என்பதன்று. ஒருவருக்கு உரிமையாகாமல் அனைவருக்கும் பயன்படுவது என்பதே. ஆயினும் காலப்போக்கில் இச்சொல் உரியவர் அற்ற நிலம், வீண்நிலம் என்னும் பொருளைப் பெற்றது. பேச்சுவழக்கில் மனிதரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகவும் தாழ்ந்தது.

இப்பொருள்மாற்றம் சொல்லளவில் நின்றுவிடவில்லை. தொழிற்பேட்டைக்கோ சாலைக்கோ குவாரிக்கோ நிலம் தேடும்போது பதிவேட்டில் புறம்போக்கு எனவும் தரிசு எனவும் உள்ளவையே முதலில் கண்ணிற்படுகின்றன. பதிவேட்டின் ஒற்றைச்சொல் அந்நிலத்தின் சுனையையோ, பாறையிடுக்கில் கூடுகட்டும் வல்லூற்றையோ, ஆடு மேய்ப்போரின் தடத்தையோ உரைப்பதில்லை. அவ்வாறு உரைக்கும் மாற்றுப் பதிவு ஒன்று இல்லாதவிடத்து நிலம் எளிதில் கைமாறுகிறது. ஊர்க்குழுக்களின் பணியை அம்மாற்றுப் பதிவை உருவாக்கும் பணியாகவே நோக்க வேண்டும்.

அரிட்டாபட்டியின் நிலமும் நீரும்

அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் உள்ளன. அரசின் 2022ஆம் ஆண்டு அறிவிப்பு இக்குன்றுகளைச் சார்ந்து 72 நீர்நிலைகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் இருப்பதாகக் குறிப்பிட்டது. ஆனைகொண்டான் கண்மாய் அவற்றுள் பெயர்பெற்றது. ஏறத்தாழ 250 பறவை வகைகள் இப்பகுதியிற் காணப்படுவதாகவும் அவ்வறிவிப்பு கூறியது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய வேட்டைப்பறவைகள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. அலங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியனவும் இங்கு வாழ்கின்றன.

இவ்வெண்ணிக்கைகளைத் தனித்தனிப் பட்டியலாகக் கொள்வது பொருந்தாது. மழைநீர் மரமற்ற பாறைமுகட்டில் நில்லாது வழிகிறது. ஒரு பகுதி பாறைக்குழிகளில் தங்கிச் சுனையாகிறது. எஞ்சியது அடிவாரத்து ஓடைகளின் வழியே கண்மாயை அடைகிறது. மேற்கண்மாய் நிறைந்தபின் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்குச் செல்கிறது. மடைவழிப் பாயும் நீர் வயலை நனைக்க, கசியும் நீர் கிணற்றை நிறைக்கிறது. வல்லூறு கூடுகட்டுவதற்குச் செங்குத்துப் பாறை வேண்டும். இரை தேடுவதற்கு வயலும் கண்மாய்க்கரையும் வேண்டும். ஆகவே குன்றை மட்டும் காத்து வயலை இழந்தாலும், வயலை மட்டும் காத்து ஓடையை மறித்தாலும் இத்தொடர்பு அறுந்துபோகும்.

கல்வெட்டிற் காப்பு

அரிட்டாபட்டிக் குன்றில் ஏறத்தாழ 2200 ஆண்டுகள் பழமையான தமிழ்ப்பிராமிக் கல்வெட்டும் சமணர் படுகையும் உள்ளன. முற்பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும், அதில் இலகுலீசர் சிற்பமும் அமைந்துள்ளன. பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவத்தின்கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்றும் காணப்படுகிறது. அச்சணந்தி என்னும் சமணத்துறவி செய்வித்த அத்திருமேனியைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாரைச் சார்ந்தது என்பது அக்கல்வெட்டின் செய்தி.

இச்செய்தி ஆய்வுக்கு இன்றியமையாதது. திருமேனியைச் செய்வித்தவர் துறவி. காப்பதற்குப் பொறுப்பேற்றவர் ஊரார். அரசன் பெயரிலன்றி ஊரார் பெயரிலேயே காப்பு பொறிக்கப்பட்டுள்ளது. இதனைக் கொண்டு அக்காலத்திலேயே சூழல் பாதுகாப்பு நிலவியது எனக் கூறுதல் மிகையாகும், காக்கப்பட்டது திருமேனியே. எனினும், ஒரு பொதுப்பொருளின் காவல் அண்மையில் வாழ்வோரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்வொப்படைப்பு எழுத்திலும் பதியப்பட்டது என்னும் நடைமுறை இதனாற் புலனாகிறது.

இத்தகைய ஊர்க்காவலுக்குப் பிற சான்றுகளும் உள்ளன. வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரியின் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டிச் செங்கற்பட்டு ஆட்சியரிடம் 1798இல் எழுத்துவழி உரிமை பெற்றனர். மேலூருக்குக் கிழக்கே சிவகங்கை மாவட்டத்தில் 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் அஞ்சும் என்பதனால் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இரண்டிடத்தும் வழக்கம் முந்தியது, அரசாணை பிந்தியது.

ஊர்க்குழுக்களின் பணிகள்

மதுரைப் பகுதிக் குழுக்களின் பணிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது காவல். வேட்டையாடுவோரையும் பாறை உடைப்போரையும் மண் அள்ளுவோரையும் முதலிற் காண்பவர் ஆடு மேய்ப்பவரும் வயலுக்குச் செல்பவருமே. அவர் கண்டதைச் சொல்வதற்கு ஒரு குழு இருப்பின் அது முறையீடாகிறது. இல்லையெனில் புலம்பலாக முடிகிறது.

இரண்டாவது கணக்கெடுப்பு. எப்பறவை எம்மாதத்தில் வந்தது, எங்குக் கூடு கட்டியது, எச்சுனை கோடையிலும் வற்றவில்லை, எவ்வோடை மறிக்கப்பட்டது என்பனவற்றை நாள் குறித்து எழுதிவைத்தல் இதன்பாற்படும். இப்பணிக்குப் பட்டம் தேவையில்லை, பொறுமையே தேவை. நகரத்துப் பறவைநோக்கர் தொலைநோக்கியும் இனப்பெயர் அறிவும் கொண்டுவர, ஊரார் இடப்பெயரும் பருவ அறிவும் தருகின்றனர். இரண்டும் சேர்ந்தாலன்றிப் பட்டியல் முழுமை பெறாது.

மூன்றாவது எடுத்துரைத்தல். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை அமைப்பு இதற்குத் தக்க சான்று. யானைமலையைச் சிற்பநகரமாக்கும் முன்மொழிவு 2010இல் எழுந்து மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்ட சூழலில் அவ்வமைப்பு தோன்றியது. குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் சென்று, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் வாயிலாக அவற்றின் வரலாற்றை அங்கேயே உரைக்கச் செய்தது. நடந்து கண்ட மலையை இழக்க எவரும் எளிதில் இசையார்.

நான்காவது முறையீடு. கிராமசபைத் தீர்மானம், மாவட்ட ஆட்சியரிடம் மனு, நீதிமன்ற வழக்கு ஆகியன இதில் அடங்கும். கீழவளவு முதலான ஊர்களில் கிரானைட் குவாரிகள் குன்றுகளை அழித்ததை மேலூர் வட்டார மக்கள் நேரிற் கண்டிருந்தனர். அக்குவாரிகளின் முறைகேடுகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் உ. சகாயத்தை நியமித்தது. அண்டை ஊரின் குன்று குழியானதைக் கண்ட பட்டறிவே அரிட்டாபட்டியாரை முன்கூட்டியே விழிப்புறச் செய்தது எனலாம்.

இந்நான்கனுள் இறுதியானதே வெளியுலகிற்குத் தெரிகிறது. ஆனால் முதல் மூன்றும் இல்லாதவிடத்து முறையீடு வெறும் வேண்டுகோளாகவே நிற்கும்.

சட்டம் தந்த பெயர்

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. அதன் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து, பல்லுயிர்ச் சிறப்புடைய இடங்களைப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்கலாம் என்கிறது. 41ஆம் பிரிவு ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அக்குழுவின் தலையாய பணி மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை உருவாக்குதலாகும். இந்தியாவின் முதற் பாரம்பரியத் தலமாக 2007இல் அறிவிக்கப்பட்டது கருநாடக மாநிலம் தேவனஹள்ளி அருகேயுள்ள நல்லூர்ப் புளியந்தோப்பு ஆகும்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் அரிட்டாபட்டியின் 139.63 ஹெக்டேரும் மீனாட்சிபுரத்தின் 53.58 ஹெக்டேரும் சேர்ந்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு இத்தகுதியைப் பெற்றது. இத்தகைய அறிவிப்பு மேய்ச்சலையும் வழிபாட்டையும் தடுக்குமோ என்னும் ஐயம் ஊராருக்கு எழுதல் இயல்பு. மக்கள் தாமே இசைந்து ஏற்பனவற்றைத் தவிர வேறு கட்டுப்பாடுகளை அவர்தம் வழக்கங்கள்மீது தலம் சுமத்துதல் கூடாது என்பதே இதற்கான தேசிய வழிகாட்டுநெறியின் நிலைப்பாடு. சரணாலயத்திற்கும் பாரம்பரியத் தலத்திற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

புறம்போக்கு என்றிருந்த குன்று இவ்வாறு பாரம்பரியத் தலம் என்னும் பெயர் பெற்றது. எனினும் 37ஆம் பிரிவு சுரங்கப்பணியை வெளிப்படையாகத் தடைசெய்யும் சொற்களைக் கொண்டதன்று. தலத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள வயலுக்கும் ஓடைக்கும் அது காப்பு அளிக்கவுமில்லை. இக்குறை ஈராண்டுக்குள் வெளிப்பட்டது.

ஏலமும் எல்லையும்

சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், முக்கியக் கனிமங்கள் சிலவற்றின் ஏல உரிமையை ஒன்றிய அரசிடம் வழங்கியது. டங்ஸ்டன் அவற்றுள் ஒன்று. கடினமான வெட்டுக்கருவிகளுக்கும் பாதுகாப்புத் தளவாடங்களுக்கும் வேண்டப்படும் அக்கனிமத்தை உள்நாட்டிலேயே பெறுதல் அரசின் நோக்கமாக இருந்தது. நாயக்கர்பட்டித் தொகுதி என்னும் பெயரில் 2015.51 ஹெக்டேர் பரப்பு ஏலத்திற்கு வந்தது. 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வுபெற்ற ஏலதாரராக அறிவிக்கப்பட்டது.

அரிட்டாபட்டி, வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி முதலிய ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. கிராமசபைகள் தீர்மானம் இயற்றின. ஏலத்தை நீக்கக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2024 டிசம்பர் 9 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம், பாரம்பரியத் தலம் தொகுதியின் பரப்பில் ஏறத்தாழப் பத்து விழுக்காடே எனக் குறிப்பிட்டு, அப்பகுதியை விலக்கி எல்லையை மாற்றும் வாய்ப்பை மறுஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைக் கேட்டுக்கொண்டது.

இவ்விடமே ஆய்வின் மையம். பதிவேட்டின் நோக்கில் அத்தீர்வு நியாயமானது: அறிவிக்கப்பட்ட 193 ஹெக்டேர் விலக்கப்படும், எஞ்சியதில் சுரங்கம் அமையும். ஊராரோ அதனை ஏற்கவில்லை. குன்றைச் சுற்றியுள்ள ஓடை வெட்டப்படின் கண்மாய் வறளும். நிலத்தடியில் ஆழத் தோண்டப்படின் கிணற்றுநீர் இறங்கும். வயல் அழியின் ஊரும் நீங்கும். தீவுபோல் எஞ்சும் குன்று பாரம்பரியத் தலம் என்னும் பெயரை மட்டுமே தாங்கி நிற்கும். 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கிப் பல்லாயிரவர் பேரணியாகச் சென்றனர். எல்லையைச் சற்று நகர்த்தல் அவர்களது கோரிக்கையன்று. ஏலத்தை முழுமையாக நீக்குதலே கோரிக்கை. சனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை நீக்கியது.

இங்கு இருவகை எல்லைகள் மோதின. ஒன்று புல எண்களால் வகுக்கப்பட்டது. மற்றொன்று மழைநீர் செல்லும் வழியால் வகுக்கப்பட்டது. கண்மாயில் பாசனம் செய்வோர் இரண்டாவதை நன்கறிவர். எக்குன்றின் நீர் எக்கண்மாய்க்கு வரும் என்பது அவர்களுக்கு வாழ்வுச்செய்தி. அவ்வறிவு எழுத்தில் போதுமான அளவு பதிவாகாமையே 193 ஹெக்டேர் மட்டும் காக்கத்தக்கது என்னும் தோற்றத்தை உருவாக்கியது.

நியமகிரியோடு ஒப்பீடு

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டத்தின்மீது 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அம்மலை தொடர்பான உரிமைகளைக் கிராமசபைகளே முடிவுசெய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன்படி கூடிய 12 கிராமசபைகளும் சுரங்கத்தை மறுத்தன. அங்கு டோங்ரியா கோந்த் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் துணைநின்றது. அரிட்டாபட்டி மக்களோ சமவெளி உழவர். அச்சட்டத்தின் துணை அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களது கிராமசபைத் தீர்மானங்கள் மக்களின் விருப்பத்தைக் காட்டினவே தவிர, சட்டத்தாற் கட்டுப்படுத்தும் வலிமை பெற்றிருக்கவில்லை. ஏலம் நீங்கியது நீதிமன்றத் தீர்ப்பாலன்று. மக்கள் ஒற்றுமையாலும் அரசியல் முடிவாலும் நீங்கியது. முடிவு மாறின் நிலையும் மாறக்கூடும் என்பதனால், பாதுகாப்பின் சட்ட அடித்தளம் இன்னும் முழுமையுறவில்லை எனலாம்.

பெயர்பெறாத நிலங்கள்

அரிட்டாபட்டிக்குக் கல்வெட்டும் குடைவரையும் வல்லூறும் சான்று பகர்ந்தன. கப்பலூர், திருமங்கலம் பகுதியின் கண்மாய்களுக்கும் கரிசல் மேய்ச்சல் வெளிகளுக்கும் இத்தகைய புகழ்ச்சான்றுகள் இல்லை. சாலையும் தொழிற்பேட்டையும் விரியும் இடத்தில் வரத்துக்கால் மறிபடுதலும், கண்மாய்ப் பிடிப்புப்பகுதி சுருங்குதலும் ஓசையின்றி நிகழக்கூடியன. ஒரு குன்று உடைபடுவதை ஊரே காண்கிறது. ஒரு வரத்துக்கால் தூர்வதை அடுத்த மழையில் கண்மாய் நிறையாதபோதே உணர்கிறது.

இத்தகைய நிலங்களுக்கே மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பெரிதும் தேவைப்படுகிறது. அரிய உயிரினம் இருந்தால்தான் பதிவு தொடங்கவேண்டும் என்னும் விதி இல்லை. கண்மாயின் பெயர், அதன் வரத்துக்கால், கலுங்கு, மடைகள், கரையிலுள்ள மரங்கள், பருவந்தோறும் வரும் பறவைகள், மீன்வகைகள், மேய்ச்சல் உரிமை ஆகியவற்றை ஊர் முதியோரிடம் கேட்டு எழுதுதலே தொடக்கமாகும். கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்க்கும் இதில் இடமுண்டு. இடப்பெயராய்வு, தொழிற்சொல் சேகரிப்பு, வாய்மொழி வழக்காற்றுப் பதிவு ஆகியன தமிழாய்வின் வழக்கமான துறைகளே. 'மறுகால்', 'வரத்துக்கால்' போன்ற சொற்கள் ஒவ்வொன்றும் நீர் செல்லும் வழியொன்றை உணர்த்துகின்றன. அச்சொல் வழங்குமிடத்தைப் பதிவுசெய்பவர் அந்நீர்வழியையும் பதிவுசெய்கிறார்.

முடிவுரை

இவ்வாய்வின்வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மதுரைச் சமவெளியின் இயற்கை நிலங்கள் ஊர்ப்பொதுவாக விளங்கியவை. வருவாய்ப் பதிவேட்டின் சொல் அவற்றின் பயனை மறைத்தது. இரண்டாவது, தன்னார்வக் குழுக்களின் காவலும் கணக்கெடுப்பும் எடுத்துரைத்தலும் அம்மறைந்த பயனை மீண்டும் காணச் செய்தன. 2022ஆம் ஆண்டு அறிவிப்பும் 2025ஆம் ஆண்டு ஏலநீக்கமும் அப்பணியின் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கவை. மூன்றாவது, புல எண்ணால் வகுத்த எல்லை நீரின் எல்லையினும் சிறிதாக உள்ளவரை பாரம்பரியத் தலம் என்னும் பெயர் போதிய காப்பாகாது.

தீர்த்தங்கரர் திருமேனியின்கீழ்ப் பொறிக்கப்பட்ட பாதிரிக்குடியாரின் பெயர் இன்றும் பாறையில் உள்ளது. காப்போர் யார் என்பதை அக்கல்வெட்டு ஐயத்திற்கு இடமின்றி உரைத்தது. கப்பலூர்ப் பகுதியின் கண்மாய் ஒவ்வொன்றுக்கும் அத்தகைய பதிவொன்று இன்று தாளில் எழுதப்பட வேண்டும். அதனை எழுதத் தகுதியுடையோர் அக்கண்மாயின் கரையில் வாழ்வோரே. அவர்க்கு உடனிருந்து துணைபுரிதல் தன்னார்வலரின் கடனாகும்.